பழைய ஏ.சி.: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

சித்திரை பிறந்துவிட்டால் விக்கிரவாண்டியில் வெயிலைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையின் தார் நடுப்பகலில் கானல் நீராய் மின்னும். சூடேறிய மொட்டைமாடி, இரவு பத்து மணிக்கும் அந்தச் சூட்டை வீட்டுக்குள்ளே இறக்கிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட ஒரு வீட்டில் பன்னிரண்டு வயதான ஏ.சி. ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது இப்போது முன்போல் குளிர்விப்பதில்லை. பழுது பார்க்க வந்த மெக்கானிக், "கேஸ் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். கடைக்காரரோ, "பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள், கரண்ட் பில் பாதியாகிவிடும்" என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் தவறாகவும் இருக்கலாம். பெரியவர்கள் குழம்பி நிற்கிறார்கள்.

மாணவ நண்பர்களே! இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உங்களால் முடியும். அதற்கு உங்கள் பௌதிகப் பாடமும், வகுத்தல் கணக்கும், ஒரு கைக்கடிகாரமும் போதும். எப்படி என்று பார்ப்போமா?

குளிரை யாரும் உண்டாக்குவதில்லை

ஊசி போடும் முன் நர்ஸ் உங்கள் கையில் ஸ்பிரிட் தடவியது நினைவிருக்கிறதா? தடவிய இடம் சில்லென்று இருந்தது அல்லவா? திரவம் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை ஸ்பிரிட் உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொண்டது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான்.

ஏ.சி.யும் இதையே செய்கிறது. அதன் செப்புக் குழாய்களுக்குள் எளிதில் கொதிக்கும் ஒரு பொருள் ஓடுகிறது. பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-22 என்ற பொருள், சாதாரணக் காற்றழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 41 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அறைக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் அது ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் எனப்படும் அமுக்கி அந்த ஆவியை அழுத்துகிறது. ஆவி மேலும் சூடாகிறது. வெளியே இருக்கும் சுருளில் அந்த வெப்பம் வெளிக்காற்றுக்குப் போய்விட, ஆவி மறுபடி திரவமாகிறது. ஒரு நுண்ணிய குழாய் வழியே அழுத்தம் குறைந்து, அது மீண்டும் அறைக்குள் வருகிறது.

ஆகவே ஏ.சி. என்பது குளிரை உற்பத்தி செய்யும் இயந்திரம் அல்ல. கிணற்றுத் தண்ணீரை மேலே இறைக்கும் பம்பைப் போல, வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே இறைக்கும் பம்பு அது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலப்படுகிறது. குழாய்க்குள் ஓடும் பொருள் பெட்ரோலைப் போல எரிந்து தீருவதில்லை. அதே பொருள் சுற்றிச் சுற்றி வருகிறது. அப்படியானால் "கேஸ் குறைந்துவிட்டது" என்பதற்கு ஒரே பொருள்தான் உண்டு: எங்கேயோ ஓட்டை இருக்கிறது! பஞ்சரான சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடாமல் காற்று மட்டும் அடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? அடுத்த தெருவிலேயே மறுபடி இறங்கி நிற்க வேண்டியதுதான். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் நிரப்புவதும் அப்படித்தான். ஆகவே மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதல்ல; "எங்கே கசிகிறது?" என்பதே.

'டன்' என்பது எந்த எடை?

"ஒன்றரை டன் ஏ.சி." என்கிறார்களே, அந்தப் பெட்டியின் எடையா அது? இல்லை. இதற்கு விடை சென்னை மெரினா கடற்கரையில் இருக்கிறது. அங்கே விவேகானந்தர் இல்லம் என்று இன்று வழங்கும் கட்டடத்துக்கு 'ஐஸ் ஹவுஸ்' என்பது பழைய பெயர். ஐஸ் செய்யும் இயந்திரம் பரவாத 19-ஆம் நூற்றாண்டில், அமெரிக்க ஏரிகளில் வெட்டி எடுத்த பனிக்கட்டி கப்பலில் இங்கே வந்து இறங்கிச் சேமிக்கப்பட்டது.

அக்காலத்தில் குளிர்ச்சியைப் பனிக்கட்டியின் எடையால்தான் அளந்தார்கள். ஓர் அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளுமோ, அதுவே 'ஒரு டன்' குளிர்ச்சி. ஒரு கிலோ பனிக்கட்டி உருக சுமார் 334 கிலோ ஜூல் வேண்டும். நீங்களே பெருக்கி, ஒரு நாளின் 86,400 வினாடிகளால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 3,500 வாட் வரும். ஒன்றரை டன் இயந்திரம் முழு வேகத்தில் வினாடிக்கு சுமார் 5,250 ஜூல் வெப்பத்தை வெளியே தள்ளும்.

இவ்வளவு வெப்பத்தைத் தள்ள அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதே நமது அடுத்த கேள்வி. தள்ளிய வெப்பத்தைத் தின்ற மின்சாரத்தால் வகுத்தால் வருவது அதன் திறன் விகிதம். விகிதம் 2.5 என்றால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை யூனிட் வெப்பம் வெளியேறுகிறது. விகிதம் 5 என்றால், அதே ஒரு யூனிட்டுக்கு ஐந்து.

நட்சத்திரமும் கிழடாகும்

ஏ.சி.யின் முகப்பில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கிய திட்டம் அது. 2018 முதல், ஏ.சி.யின் முத்திரை ஒரு பருவம் முழுவதற்குமான சராசரி விகிதத்தைக் காட்டுகிறது. வெளி வெப்பநிலை 24 முதல் 43 டிகிரி வரை மாறும், ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற அடிப்படையில் அதைக் கணக்கிடுகிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொழில்நுட்பம் முன்னேற முன்னேற, நட்சத்திரம் பெறுவதற்கான படியையும் உயர்த்திக்கொண்டே போகிறார்கள். 2018-இல் 4.5 விகிதம் உள்ள ஸ்ப்ளிட் ஏ.சி.க்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. 2022 ஜூலையில் ஐந்து நட்சத்திரத்துக்கு 5.0 வேண்டும் என்றாகிவிட்டது. அதே 4.5 இயந்திரம் நான்கு நட்சத்திரத்துக்கு இறங்கியது! ஆகவே நட்சத்திரங்களை எண்ணி ஏமாறாதீர்கள். முத்திரையில் அச்சிட்டுள்ள விகித எண்ணையும் ஆண்டையும் படியுங்கள்.

மின்சார மீட்டரே உங்கள் ஆய்வுக்கூடம்

பழைய இயந்திரத்தின் முத்திரை அழிந்துபோயிருந்தால் என்ன செய்வது? ஒரு சோதனை சொல்கிறேன். இதற்கு எதையும் தொட வேண்டாம், பார்த்தால் போதும்.

உங்கள் வீட்டு மின்சார மீட்டரில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் 3,200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதை 3,200-ஆல் வகுத்தால் 1,125. ஒவ்வொரு மின்னலுக்கும் 1,125 ஜூல் செலவாகிறது!

வீட்டில் மற்ற விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றைச் சிறிது நேரம் பெரியவர்களை நிறுத்தச் சொல்லுங்கள். ஏ.சி. ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் கழிந்ததும், 32 மின்னல்களுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 20 வினாடி ஆனால், 32-ஐ 1,125-ஆல் பெருக்கி 20-ஆல் வகுக்க, 1,800 வாட் கிடைக்கும்.

அடுத்து, சுவர்ப் பெட்டிக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையையும், வெளியே வீசும் காற்றின் வெப்பநிலையையும் ஒரு தெர்மாமீட்டரால் அளந்துகொள்ளுங்கள். (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.) கால் மணி நேரம் ஓடிய பிறகு வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் இயந்திரம் ஓரளவு நலமாக இருக்கிறது எனலாம். மின்சாரம் வழக்கம்போல் செலவாகியும் வித்தியாசம் 3, 4 டிகிரிதான் என்றால், அது வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிறது என்று பொருள்!

அதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் காற்றோட்டம் குறைந்து குளிர்ச்சி குன்றும். நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் வெளிப்பெட்டியின் தகடுகளிலும் புழுதி கம்பளிபோல் படிந்துவிடும். பிறகு வெப்பம் எப்படி வெளியேறும்? விக்கிரவாண்டியில் புழுதி செய்யும் வேலையை, இதே மாவட்டத்தின் மரக்காணத்தில் உப்பங்காற்று வேறு விதமாகச் செய்கிறது. அது அலுமினியத் தகடுகளையும் செப்புக் குழாயையும் அரித்துவிடும். புழுதியைக் கழுவினால் போய்விடும். அரிப்பைக் கழுவ முடியாது. ஆகவே கடலோரத்து ஏ.சி.யின் ஆயுளும் உள்ளூர் ஏ.சி.யின் ஆயுளும் ஒன்றல்ல.

விசிறி ஓடியும் குளிர் வரவே இல்லை என்றால், பல சமயம் அமுக்கியைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் மட்டும் பழுதாகியிருக்கும். அது சில நூறு ரூபாயில் தீரும் காரியம். ஆனால் பெட்டியைத் திறக்கும் வேலை உங்களுடையதல்ல. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அது ஆளைத் தூக்கிப் போடும்.

இப்போது கணக்குக்கு வருவோம்

கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் வீட்டு எண்களை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏ.சி. ஆண்டுக்கு 200 இரவு, இரவுக்கு 8 மணி நேரம் ஓடுகிறது. மொத்தம் 1,600 மணி. இரவு முழுவதும் அது முழு வேகத்தில் இயங்குவதில்லை. சராசரியாக மணிக்கு இரண்டரை யூனிட் வெப்பத்தை வெளியேற்றினால், ஆண்டுக்கு 4,000 யூனிட் வெப்பம்.

பழையதன் விகிதம் 2.5 என்றால், செலவாகும் மின்சாரம் 1,600 யூனிட். புதியதன் விகிதம் 5 என்றால் 800 யூனிட். ஆண்டுக்கு மிச்சம் 800 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் 6,400 ரூபாய்.

பழையதைக் கொடுத்தது போகப் புதியதற்கு 42,000 ரூபாய் ஆகிறது. பழுது பார்க்க 6,000 ரூபாய் ஆகிறது. மாற்றுவதற்காகக் கூடுதலாகப் போடும் பணம் 36,000 ரூபாய். அதை 6,400-ஆல் வகுத்தால் ஐந்தரை ஆண்டுகளுக்குச் சற்று மேலே. புதிய இயந்திரம் பத்து ஆண்டாவது உழைக்கும் என்று கொண்டால், மாற்றுவது லாபம்.

இனி அதே இயந்திரத்தை, விருந்தாளி வரும்போது மட்டும் ஏ.சி. போடும் வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கு 200 மணிதான் ஓடுகிறது. மிச்சம் 100 யூனிட், 800 ரூபாய். போட்ட பணம் திரும்ப 45 ஆண்டு ஆகும்! இந்த வீட்டுக்குப் பழுது பார்ப்பதே சரி.

மூன்றாவது வீட்டில் ஏ.சி. அதே 1,600 மணி ஓடுகிறது. ஆனால் அமுக்கியே போய்விட்டது. பழுது பார்க்க 18,000 ரூபாய். கூடுதல் பணம் 24,000-தான். நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும். மாற்றலாம்.

நான்காவது வீட்டில் விகிதம் 4 உள்ள இன்வெர்ட்டர் ஏ.சி.; முதல் வீட்டைப் போலவே நாள்தோறும் ஓடுகிறது, பழுதும் 6,000 ரூபாய்தான். ஆண்டு மிச்சம் 200 யூனிட், 1,600 ரூபாய். போட்ட பணம் திரும்ப 22 ஆண்டுக்கு மேல். பழுது பாருங்கள்!

பார்த்தீர்களா? நான்கு வீடுகளிலும் இயந்திரத்துக்கு "வயது என்ன?" என்று நாம் கேட்கவே இல்லை. எத்தனை மணி ஓடுகிறது, விகிதம் என்ன, எந்த உறுப்பு கெட்டது என்ற மூன்று கேள்விகளே முடிவைச் சொல்லிவிட்டன.

யூனிட் விலையைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, படிக்கட்டு முறையில் கணக்கிடப்படுகிறது. பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். நீங்கள் மிச்சப்படுத்துவது மேல் படியில் உள்ள யூனிட்டுகளையே. ஆகவே சராசரி விலையைப் போடாமல், உங்கள் பில்லின் கடைசிப் படி விலையைக் கணக்கில் போடுங்கள்.

பில்லில் வராத செலவு

இதுவரை நம் பாக்கெட்டைப் பார்த்தோம். இனி ஆகாயத்தைப் பார்ப்போம்.

1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், குளிர்பதனத்துக்குப் பயன்படும் குளோரோ புளோரோ கார்பன்கள் வானில் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எச்சரித்தார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. ஆஸ்துமா நோயாளிகளின் மருந்துத் தெளிப்பான் நீங்கலாக, குளோரோ புளோரோ கார்பன்களை 2008 ஆகஸ்டு முதல் நம் நாடு நிறுத்திவிட்டது.

ஆர்-22 இவற்றின் தம்பி. ஓசோனுக்கு இதன் தீங்கு அவற்றில் சுமார் இருபதில் ஒரு பங்கு. 2025 தொடக்கத்திலிருந்து புதிய ஏ.சி.களில் இதை நிரப்பக் கூடாது. பழையவற்றுக்கு வேண்டிய ஆர்-22-உம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவரும். கசியும் ஆர்-22 இயந்திரத்தைப் பழுது பார்க்கும் முன் இதையும் நினைக்க வேண்டும்.

ஓசோனோடு கதை முடியவில்லை. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில், சுமார் 1,800 கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். பின்னர் வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் அதன் ஒரு கிலோ சுமார் 2,100 கிலோவுக்குச் சமம். இப்போது பரவியுள்ள ஆர்-32 சுமார் 675 கிலோவுக்குச் சமம்.

நம் முதல் வீட்டுக்குத் திரும்புவோம். அவர்கள் ஆண்டுக்கு 800 யூனிட் மிச்சப்படுத்துகிறார்கள். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே ஆண்டுக்கு 560 கிலோ தவிர்க்கப்படுகிறது, நல்ல காரியம்தான். ஆனால் பழைய ஏ.சி.யைக் கழற்றும்போது, குழாயை வெட்டி ஒரு கிலோ ஆர்-22-ஐப் 'புஸ்' என்று வெளியே விட்டால்? மூன்று ஆண்டு மிச்சம் ஒரு நிமிடத்தில் போய்விடும்!

கழற்றும் முன் வால்வை மூடி, அமுக்கியை ஓட்டி, கேஸை வெளிப்பெட்டிக்குள்ளேயே சேர்த்து அடைத்துவிட நல்ல மெக்கானிக்குக்குத் தெரியும். அமுக்கி ஓடாவிட்டால், கேஸைத் தனி உருளையில் பிடிக்கும் கருவி இருக்கிறது. அதன் பிறகும் பெட்டியைச் சாலையோரத்தில் உடைக்கவிடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் ஏ.சி.யையும் உள்ளடக்கியவை.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு வகை கேஸுக்காகச் செய்த இயந்திரத்தில் வேறு வகையை நிரப்பக் கூடாது. ஆர்-410ஏ, ஆர்-22-ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் இயங்குவது. பழைய குழாய் அதைத் தாங்காது. ஆர்-290 என்பது புரோபேன். நம் சமையல் எரிவாயுவில் இருப்பதுதான். அதற்கென்று வடிவமைத்த ஏ.சி.யில் அது நல்ல பொருள். பழைய ஏ.சி.யில் மலிவாக நிரப்பினால் தீ விபத்தை வரவேற்பதாகும்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யின் டன், கேஸின் பெயர், முத்திரை விகிதம், அதன் ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். மீட்டர் மின்னல்களை எண்ணி வாட் கணக்கிடுங்கள். வடிகட்டியைக் கழுவிய முன்னும் பின்னும் இரண்டு முறை அளந்து ஒப்பிடுங்கள். ஆண்டுக்கு எத்தனை மணி ஓடுகிறது என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் கேளுங்கள். மெக்கானிக் சொன்ன தொகையையும் கடைக்காரர் சொன்ன தொகையையும் போட்டு வகுத்துப் பாருங்கள்.

கூடவே இன்னொன்றையும் சோதியுங்கள். 2020 முதல் விற்பனைக்கு வரும் நட்சத்திர முத்திரை ஏ.சி.கள், போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட்டுள்ளன. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணிப்பு. மின்விசிறியையும் சேர்த்துப் போட்டு 26-இல் ஒரு வாரம் தூங்கிப் பாருங்கள். மொட்டைமாடிக்கு வெள்ளையடித்தால் உள்ளே இறங்கும் வெப்பமே குறையும். இறைக்க வேண்டிய வெப்பம் குறைந்தால், நீங்கள் போட்ட கணக்கின் விடையும் மாறும். மாற்றியே தீர வேண்டும் என்று நினைத்த ஏ.சி. இன்னும் நான்கு கோடைக்குப் போதுமானதாகிவிடலாம்!

விடை எதுவாயினும், அந்தத் தாளைப் பெரியவர்கள் முன் வையுங்கள். மெக்கானிக் வரும்போது, "கேஸைப் பிடித்து வைத்துவிட்டுத்தானே அண்ணே கழற்றுவீர்கள்?" என்று கேட்க மறந்துவிடாதீர்கள்.